வளைவின் உட்பக்கம்

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்கு மீட்டர் கேஜ் வண்டி ஓடியதை நன்றாகப் பார்த்தவர்கள் இனி நம் வயதுக்காரர்கள்தான். எஞ்சின் கரி கண்ணில் விழுந்து நாம் அழுததும், அம்மாக்கள் முந்தானையைச் சுருட்டி வாயால் ஊதிச் சூடாக்கி ஒற்றியதும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். போன மாதம் என்னைப் பார்க்க வந்த பள்ளிக்காலச் சிநேகிதி என் கண்ணாடி அலமாரியின் முன்னால் வெகுநேரம் நின்றாள். கறுப்பு எஞ்சின், செங்காவிப் பெட்டிகள். தகரத்தில், மரத்தில், பித்தளையில். எல்லாமே அந்த ஒரே வண்டி. வேறு ரயிலே கிடைக்கவில்லையா என்று கேட்டாள். நான் சிரித்து மழுப்பினேன். அவள் போன பிறகு, சொல்லியிருக்கலாமே என்று இருந்தது. இத்தனை வயதுக்கு மேல் யாரிடம் மறைக்க வேண்டும்?

இந்தச் சேகரிப்பை ஆரம்பித்தது நான் அல்ல, என் அப்பா. அதுவும் அவர் ஆசைப்பட்டு ஆரம்பித்ததல்ல.

அப்பா உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். பாலக்காட்டுக் கல்பாத்தியில் தேர் ஓடும் தெரு ஒன்றில் எங்கள் வீடு. எனக்கும் அண்ணாவுக்கும் ஆறு வயது வித்தியாசம். அவன் பள்ளி இறுதிப் பரீட்சை எழுதிய வருஷம், மழை தொடங்கிய முதல் வாரத்தில் முடிவு வந்தது. கணக்கில் தோற்றிருந்தான். கணக்கு வாத்தியார் பிள்ளை கணக்கில் தோற்ற செய்தி, அப்பா பள்ளியிலிருந்து வீடு வருவதற்குள் தெருவின் இரண்டு கோடியையும் தொட்டுவிட்டது. அன்று அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை அண்ணா பொள்ளாச்சியில் அத்தை வீட்டுக்குப் போகிறேன் என்று பையை எடுத்தபோதுதான் பேசினார்.

"போ. இனி இந்த ஆத்துக்குத் திரும்பி வரண்டாம்."

கூடத்து ஜன்னலில் உட்கார்ந்து ஈரத் தலையை உலர்த்திக்கொண்டிருந்த நான் அதைக் கேட்டேன். கோபத்தில் எந்த அப்பாவும் சொல்லக்கூடிய வார்த்தைதான். உங்கள் வீடுகளிலும் கேட்டிருப்பீர்கள்.

ஒரு நாள் அங்கே இருந்தான். அடுத்த நாள் அத்தை சமாதானம் சொல்லி, ஒரு பொட்டலம் தேன்குழலைக் கையில் கொடுத்து, சாயங்காலப் பாலக்காட்டு வண்டியில் ஏற்றிவிட்டாள். கொல்லங்கோட்டை நெருங்குமுன் ஒரு வளைவு உண்டு. தெற்கே நெல்லியாம்பதி மலை சுவர்போல நிற்கும். மழைக்காலத்தில் மலை முகத்தில் வெள்ளைக் கோடுகளாக அருவிகள் தொங்கும். அந்த வளைவில், மலைப்பக்கமாக, பனைகளுக்கு நடுவே அண்ணா கிடந்தான். தேன்குழல் பொட்டலம் பிரிக்காமல் பையில் இருந்தது.

குதிப்பதை எங்கள் வீட்டுப் பேச்சில் 'சாடறது' என்போம். மலையாளத்தோடு பல தலைமுறை வாழ்ந்ததில் ஒட்டிக்கொண்ட சொல். அதுவரை அது எனக்குக் கிணற்றடியில், மாங்கிளையில் விளையாடும் சொல். அந்த வாரம் அதைப் பெரியவர்கள் அடிக்குரலில் சொல்லக் கேட்டேன். சாடினானா, விழுந்தானா? காரியத்துக்கு வந்த புரோகிதர் என்ன மந்திரம் சொல்லுவது என்று தயங்கினார். பெரிய மாமா, அதாவது அம்மாவின் அண்ணா, வக்கீல். அவர்தான் முன்னின்று எல்லாம் முடித்தார். கால் வழுக்கி விழுந்ததாகப் போலீஸ் எழுதியது மாமாவின் தயவால்தான் என்று தெருவில் பேச்சு. மாமாவும் அதை மறுக்கவில்லை. அவர் மறுக்காததே, பையன் சாடினான் என்பதற்குச் சாட்சியாக நின்றுவிட்டது. பிரிக்காத பொட்டலம் இன்னொரு சாட்சி. பசித்த பையன் தின்னாமல் இருப்பானா என்றார்கள்.

வீட்டில் அண்ணாவின் பெயரை யாரும் சொல்வதில்லை. சாயங்கால வண்டியின் ஊதல் கேட்டால் அம்மாவின் கரண்டி பாத்திரத்துக்கு மேலே அப்படியே நிற்கும். ஒலி அடங்கிய பிறகுதான் இறங்கும்.

ஆடியில், கர்க்கடக மாதத்து மழையில் ஒரு நாள் அப்பா கோயம்புத்தூருக்குப் போய்விட்டு நனைந்து வந்தார். காகிதப் பெட்டியிலிருந்து சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில் ஒன்றை எடுத்துக் கூடத்தில் வைத்தார். எனக்கும் அண்ணாவுக்கும் அவர் ஒரு பம்பரம்கூட வாங்கித் தந்ததில்லை. எனக்குத்தான் என்று ஓடிப்போனேன். "தொடாதே" என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை. கண்ணாடிப் பாத்திரத்தைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

பச்சையாக இருந்த அதற்குக் கறுப்பும் செங்காவியும் பூசினார். வர்ணமும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த வாசனை இன்றும் எங்காவது எழுந்தால் எனக்குச் சோறு இறங்காது. பெட்டியின் ஒரு பக்கத்தில் கத்தியால் வாசல் வெட்டினார். தண்டவாளத்தை வளைத்துப் பூட்டினார். பிறகு அம்மாவின் வெற்றிலைத் தட்டிலிருந்து ஒரு கொட்டைப்பாக்கை எடுத்து அந்த வாசலில் நிறுத்தி, சாவி கொடுத்தார்.

வண்டி வளைவில் திரும்பியதும் பாக்கு வெளிப்பக்கம் தெறித்து விழுந்தது. அப்பா அதை எடுத்து மறுபடி வைத்தார். மறுபடி வெளிப்பக்கம். வெளிச்சம் போகும்வரை வைத்துக்கொண்டே இருந்தார்.

அடுத்தடுத்து ரயில்கள் வந்தன. பக்கத்து நூறணித் தச்சரிடம் சொல்லி மரத்தில் ஒன்று. யாரோ ரயில்வே அதிகாரி வீட்டுப் பரணிலிருந்து வாங்கிவந்த கனமான ஒன்று. தானாக ஓடாத, காகிதம் பறக்காமல் வைக்கும் பித்தளை எஞ்சின் ஒன்று. எதுவானாலும் அந்த மீட்டர் கேஜ் வண்டியின் சாயல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்பா வர்ணம் பூசி அந்தச் சாயலைக் கொண்டுவருவார். ஒவ்வொன்றும் வந்த அன்று பாக்கு வைக்கப்படும். வெளிப்பக்கம் விழும். பித்தளை எஞ்சினை மட்டும் கையால் தள்ளிப் பார்த்தார். அதிலும் வெளிப்பக்கமே விழுந்தது. அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த ரயிலைத் தேடிப் புறப்படுவார்.

வண்டி வளைவில் எறிந்திருந்தால் அண்ணா வெளிப்பக்கம் விழுந்திருக்க வேண்டும். அவன் கிடந்ததோ மலைப்பக்கம், வளைவின் உட்பக்கம். அப்படியானால் வண்டி எறியவில்லை, தானே சாடியிருக்கிறான். அந்தக் கணக்கு எனக்கு அப்போது எட்டவில்லை. ஓடுகிற ஒவ்வொரு பொம்மையிடமும் அப்பா ஒரே கேள்வியைக் கேட்டார் என்பதும், எல்லாம் அவருக்கு ஒரே பதிலைச் சொல்லின என்பதும் புரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று. பதில் பிடிக்காததால்தான் சேகரிப்பு வளர்ந்தது.

தெரு வேறு மாதிரி புரிந்துகொண்டது. செத்த பையன் அப்பன் உடம்பில் வந்து விளையாடுகிறான் என்றாள் எதிர்வீட்டு மாமி. பிள்ளைகள் எங்கள் வீட்டு வாசலை ஓடிக் கடந்தார்கள். ஆளில்லாத நேரத்திலும் உள்ளே ரயில் ஓடும் சத்தம் கேட்கிறது என்று பள்ளிக்கூடத்தில் என்னிடமே சொன்னாள் ஒருத்தி.

அவள் சொன்னது பொய்யில்லை. ஒரு நாள் மழை காரணமாகப் பள்ளியை மத்தியானமே விட்டுவிட்டார்கள். அப்பா பள்ளியில். தெருக்கதவு தாழிட்டிருந்தது. உள்ளே கிர்ர் என்று சாவி முறுக்கும் ஒலி. பிறகு சக்கரங்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அம்மா தரையில் குந்தியிருந்தாள். வண்டி வளைவுக்கு வரும்போது அதன் முன்னால் உள்ளங்கையை வைத்தாள். எஞ்சின் வந்து கையில் முட்டி, முறுக்கு தீரும்வரை அங்கேயே நின்று உறுமியது. அம்மா அதை எடுத்துத் திரும்ப முறுக்கினாள். திரும்பக் கையை வைத்தாள். ஒவ்வொரு தடவையும் வளைவுக்கு முன்னால் நிறுத்தினாள்.

நான் வாசல்பக்கம் போய் சத்தமாகக் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்தபோது அவள் கையில் அரிசிமுறம் இருந்தது.

நவராத்திரி கழிந்து, ஐப்பசி மழையான துலாவர்ஷம் இடியோடு பெய்யும் நாட்களில் அப்பாவுக்கு ஒரு தகவல் கிடைத்தது. போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட் ஒன்றில் ஒரு மேனேஜர் இருக்கிறார். பொள்ளாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரர் விட்டுச்சென்ற மின்சார ரயிலை வைத்து, அந்தப் பொள்ளாச்சி லைனையே மேசையில் அமைத்திருக்கிறார். அப்பா உடனே புறப்பட நின்றார். அந்தப் பொள்ளாச்சி லைன் வழியாகவே திண்டுக்கல், மதுரை போய், அங்கிருந்து போடிக்கு ரயில், அப்புறம் பஸ்.

அம்மா தடுக்கவில்லை. "இவளையும் அழைச்சிண்டு போங்கோ" என்றாள். எனக்குத் தலை பின்னிவிடும்போது காதருகே சொன்னாள்: "அப்பா கையை விடாதே, கேட்டியா. வாசப்பக்கம் போனா கூடவே போ. ராத்திரி தூங்கும்போதும் வேஷ்டித் தலைப்பை விரல்ல சுத்திக்கோ."

ஊர் பார்க்கக் கூட்டிப் போகிறார்கள் என்று நான் சந்தோஷப்பட்டேன். என்னை எதற்கு அனுப்பினாள் என்பதை நீங்கள் இதற்குள் ஊகித்திருப்பீர்கள். நான் அதை ஊகிக்கும்போது எனக்கே பிள்ளைகள் பிறந்திருந்தன. ஒரு குழந்தை ஒரு ஆணைப் பிடித்து நிறுத்திவிடும் என்று அம்மா நம்பவில்லை. குழந்தை கையைப் பற்றியிருந்தால் அவர் சாடமாட்டார் என்று நம்பினாள். நம்பிக்கை பிசகியிருந்தால் என்ன ஆகும் என்றும் யோசித்திருப்பாள். யோசித்துத்தான் அனுப்பினாள்.

போகும்போது அப்பா ஜன்னல் பலகையை இறக்கிவிட்டு, கொல்லங்கோட்டு வளைவு தாண்டும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

போடியிலிருந்து பஸ் மலையேறியது. கொண்டை ஊசி வளைவுகளில் எனக்கு வாந்தி வந்தது. மேலே மேகம் சாலையிலேயே கிடந்தது. எஸ்டேட் ஜீப் ஒன்றில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பங்களாவுக்குள் நுழைந்ததும், ஏலக்காய் உலர்த்தும் புகையறையின் இனிப்பும் காரமுமான மணம் மூக்கில் ஏறியது. மேனேஜர் உயரமானவர். அப்பா எதற்காக வந்தார் என்று அவருக்குத் தெரியாது. ரயில் பித்துப் பிடித்த இன்னொருவர் என்று நினைத்து அவ்வளவு சந்தோஷப்பட்டார்.

"ஏனுங்க, இந்த மழையில கொழந்தையையும் கூட்டிட்டு வந்துட்டீங்களே" என்று கேட்டுக்கொண்டே எனக்குச் சூடான பாலில் ஏலக்காய் தட்டிப் போட்டுக் கொடுக்கச் சொன்னார்.

அறை முழுக்க ஒரே மேசை. பொள்ளாச்சி ஸ்டேஷன், சிறு பாலங்கள், பனைமரங்கள், சிக்னல் கைகாட்டி மரங்கள், சுவரில் நீலமாக நெல்லியாம்பதி. அப்பா ஒன்றையும் பார்க்கவில்லை. அவர் கண் அந்த வளைவைக் கண்டுபிடித்து அங்கேயே நின்றுவிட்டது. அங்கே தண்டவாளம் சாய்ந்திருக்கிறதே என்று கேட்டார்.

"வளைவுல வெளித் தண்டவாளத்தக் கொஞ்சம் தூக்கித்தானுங்க போடோணும். நெசத்துலயும் அப்படித்தான். வேகமாப் போறப்ப ஒண்ணும் தெரியாது. கைகாட்டி விழாம மெதுவா வந்துச்சுன்னா, வண்டி உள்ளார சாஞ்சுரும்."

அப்பா கணக்கு வாத்தியார். இது அவருக்குத் தெரியாத விஷயமாக இருக்க முடியாது. வீட்டுக் கூடத்தில் எல்லாத் தண்டவாளமும் சமதரையில் கிடந்ததை அத்தனை மாதம் அவர் பார்த்தும் பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து பாக்கை எடுத்துப் பெட்டியின் வாசலில் நிறுத்தினார். மெதுவாக ஓட்ட முடியுமா என்று கேட்டார். அவர் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

மேனேஜர் குமிழைத் திருகினார். வண்டி ஊர்ந்து வந்தது. வளைவில் ஏறியது. பெட்டி லேசாக மலைப்பக்கம் சாய்ந்தது. பாக்கு அவசரமே இல்லாமல் உட்பக்கம் உருண்டு, ஒரு பொம்மைப் பனையின் அடியில் போய் நின்றது.

அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கியது. மேனேஜர் பயந்து என்னைப் பார்த்தார். எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எங்க அண்ணா அங்கேதான் கிடந்தான்."

மேனேஜர் ரயிலை நிறுத்தினார். அப்பாவின் பக்கத்தில், அந்தக் குளிர்ந்த தரையில், தானும் உட்கார்ந்தார். கிளம்பும்போது அந்த எஞ்சினை எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். அப்பா வேண்டாமென்று தலையசைத்தார். அதன் பிறகு அவர் எந்த ரயிலையும் வாங்கவில்லை.

திரும்பும்போது பொள்ளாச்சியில் வண்டி மாறி ஏறியதும் அப்பா உட்காரவில்லை. மலைப்பக்கத்து வாசலுக்குப் போனார். நானும் போனேன். அம்மா சொன்னபடி ஒரு கையால் அவர் கையையும், மறு கையால் வேஷ்டியையும் பிடித்துக்கொண்டேன். மழை விட்ட சாயங்காலம். மாந்தோப்புகள், பனைகள், தண்ணீர் நிறைந்த வயல்கள். மலையில் அருவிகள் வெளுத்துத் தொங்கின. அப்பா கதவைத் திறந்தார்.

வளைவு நெருங்கியபோது வண்டி வேகம் குறைந்தது. எதிரே கைகாட்டி விழவில்லை. ஊர்ந்து, ஊர்ந்து, பெட்டி மலைப்பக்கம் சாயத் தொடங்கியது. அப்பாவின் உடம்பு அவர் நினைக்காமலே ஓர் எட்டு முன்னால் போயிற்று. என் காலடியும் வழுக்கியது. வாசலுக்குக் கீழே சரளைக் கல்லும் ஈரப் புல்லும் மெல்லப் பின்னால் போவதைப் பார்த்தேன். நான் கத்தவில்லை. கையை விடவும் இல்லை. அப்பா சட்டென்று பின்னால் வந்து, கம்பியைப் பற்றிக்கொண்டு, என்னை இடுப்போடு அணைத்தார்.

"பாத்தியா? தன்னால தள்ளறது. அருவி பாக்க நின்னிருப்பான். விழுந்துட்டானாக்கும். சாடலை."

எனக்குச் சொன்னாரா, வெளியே சொன்னாரா என்று தெரியவில்லை. கைகாட்டி விழுந்தது. வண்டி வேகமெடுத்தது. கதவை மூடிவிட்டு உட்கார்ந்தவர் பாலக்காடு வரும்வரை என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

வீட்டில் கூடம் துடைத்து வைத்ததுபோல் கிடந்தது. ஒரு தண்டவாளத் துண்டுகூட இல்லை. பெரிய மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் இல்லாத நேரம் பார்த்து, எல்லாவற்றையும் மூட்டை கட்டி யாருக்கோ கொடுத்து அனுப்பியிருந்தார். உன் நல்லதுக்குத்தான், கண்ணில் பட்டால்தானே புத்தி அலையும் என்று நீளமாக ஏதோ ஆரம்பித்தார். அப்பா சண்டை போடுவார் என்று நான் தூணோடு ஒட்டிக்கொண்டேன். அவர் மாமாவைத் தாண்டி அடுக்களைக்குப் போனார்.

"அவன் சாடலை" என்றார் அம்மாவிடம். வளைவு, சாய்வு, கைகாட்டி எல்லாம் விளக்கத் தொடங்கினார். அம்மா பாதியில் நிறுத்தினாள்.

"நேக்குத் தெரியும்."

அப்பா அவளைப் பார்த்தார்.

"போறச்சே அடுக்களைக்கு வந்து சொல்லிட்டுப் போனான். நாளைக்கு வந்துடுவேன், மொளகூட்டல் பண்ணி வைன்னான். சாடப் போறவனா அப்படிச் சொல்லுவான்? நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே."

அப்பா அடுக்களை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணா போன பிறகு அன்றுதான் அவர்கள் இரண்டு பேரும் ஒருவர் முன்னால் ஒருவர் அழுதார்கள். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனார்.

அந்த மூட்டை எங்கே போயிற்று என்று நான் பிற்காலத்தில் எவ்வளவோ விசாரித்தேன். மாமாவுக்கே நினைவில்லை. நான் ரயில்களை வாங்கத் தொடங்கியது அப்பா பூசிய வர்ணத்தைத் தேடித்தான். பழைய சாமான் கடைகளில், காலியாகிற வீடுகளில், இப்போது செல்போனில். ஒன்றுகூட அகப்படவில்லை. என்னிடமிருக்கும் ஒன்றில், ஒரே ஒரு முறை, வெளித் தண்டவாளத்தைத் தூக்கிவைத்து நானும் பாக்கு வைத்துப் பார்த்தேன். மெதுவாக ஓட்டினால் உள்ளே விழுகிறது. வேகமாக ஓட்டினால் வெளியே விழுகிறது. அந்தச் சாயங்காலம் வண்டி எந்த வேகத்தில் வந்தது என்று சொல்ல யாரும் இருக்கவில்லை. அப்பா அதை யாரிடமும் கேட்டதாகவும் தெரியவில்லை.

அப்பா போய்ப் பல வருஷம் கழித்து, அம்மா என்னோடு இருந்த காலம். ஒரு மத்தியானம் அவளுக்கு மொளகூட்டல் பரிமாறும்போது என்னை அறியாமல் சொன்னேன்: அண்ணா அன்று இதைத்தானே பண்ணி வைக்கச் சொன்னான்?

"யாரு சொன்னா?" என்றாள் அம்மா.

நான் நினைவூட்டினேன். அவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"அவன் அன்னிக்கு அடுக்களைக்கே வரலையாக்கும். செருப்பை மாட்டிண்டு நேரே எறங்கிப் போயிட்டான். திரும்பிக்கூடப் பாக்கலை."

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மறதியா, நினைவா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. அம்மா ஒரு வாய் சாப்பிட்டாள். தண்ணீர் குடித்தாள்.

"அதுக்கப்பறம் அப்பா நன்னா உறங்கினார், கேட்டியா" என்றாள். பிறகு, இலையை என் பக்கம் நகர்த்தி, இன்னும் கொஞ்சம் விடச் சொன்னாள்.